துன்னூறு பட்ட சில்லு

வீட்டில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், "யார் பண்ணது?" என்று நான் கேட்பதில்லை. "இன்னா நடந்துச்சி?" என்றுதான் கேட்கிறேன். இதில் உங்கள் அம்மாவுக்கு என்மேல் குறை. கேட்கிற விதத்தில் கேட்டால்தானே பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும் என்பாள். நான் என்ன செய்வது, அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. நான் அட்டெண்டராக வேலை பார்த்த காலேஜ் லேபில் ஒரு மேடம் இருந்தார். அவரிடமிருந்து என் வாயில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் ரெண்டு பேரும் அவரைப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆராய்ச்சி விஷயம் எனக்குப் புரிந்த அளவில்தான் வரும். பெரியவள் இப்போது பிசிக்ஸ் படிக்கிறாளே, தப்பு இருந்தால் அவள் திருத்திக்கொள்ளட்டும்.

மேடம் எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மெண்டில் புரொபசர். செமிகண்டக்டர் என்று சொல்கிறார்களே, அந்தப் பொருள்களோடுதான் அவருடைய வாழ்க்கை போனது. செம்புக் கம்பி மின்சாரத்தை அப்படியே விட்டுவிடும். கண்ணாடி விடவே விடாது. ரெண்டுக்கும் நடுவில், நாம் பழக்கினபடி கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் மறிக்கிற பொருள்கள் இருக்கின்றன. உங்கள் போனுக்குள் இருக்கிற சிப்பு அதில் செய்ததுதான். மேடம் அந்த மாதிரிப் பொருளைத் தூளிலும் தூளாக, ஒரு தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரம் பங்கு போட்டால் வருமே, அந்த அளவுக்குச் சின்னதாக்கி, கண்ணாடிச் சில்லின் மேல் படிய வைப்பார். பால் ஆறினால் ஏடு கட்டுகிறதே, அந்த மாதிரி. ஆனால் ஏட்டைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு. நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மயில்கழுத்துப் பட்டு மாதிரி ஒரு நிறம் ஓடி மறையும். "பாத்தியா, பாத்தியா" என்பார் மேடம், தானே முதல் தடவை பார்க்கிற மாதிரி. எத்தனை வருஷம் பார்த்திருப்பார் அதை.

அவ்வளவு மெல்லிசுக்கு எதிரி தூசி. நம்ம ஊரில் தூசிக்கு என்ன குறை. லேப் கதவுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் போட்டு, பக்கத்தில் துண்டும் தொங்கவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றுவது எல்லா இடத்திலும் உண்டு. இங்கே நெற்றியையும் கழுவ வேண்டும். திருத்தணியில் காலை வேளையில் நெற்றியில் துன்னூறு இல்லாமல் யார் வேலைக்கு வருவார்கள், சொல்லுங்கள். பையன்கள், வாத்தியார்கள், பிரின்சிபால் எல்லோரும் அந்தக் குழாயில் குனிந்து எழுந்துதான் உள்ளே போக முடியும். பெண்பிள்ளைகள் தலையில் இருக்கிற மல்லிகைக்காகச் சுவரில் வரிசையாக ஆணி அடித்தது நான்தான். காலேஜ் ஆரம்பித்ததும் அந்த வராந்தா கல்யாண மண்டப வாசல் மாதிரி மணக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் மஞ்சள் துணியுமாக மலையேறுகிற நாளில் லேப் பூட்டியிருக்கும். லீவு என்பதற்காக இல்லை. "இன்னிக்கி காத்துலியே கற்பூரம் கீதுப்பா, ஒண்ணும் ஒழுங்கா படியாது" என்பார்.

ஒரு தடவை காலேஜ் தாளாளர் யாரோ விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு லேபைக் காட்ட வந்தார். அவர் நெற்றியில் மூன்று விரல் பட்டை பளிச்சென்று இருந்தது. குழாயைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"சாமி துன்னூறு கூட தூசியாம்மா உங்களுக்கு?"

"எனக்கு இல்லீங்க சார். பர்னஸுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் மேடம்.

பர்னஸ் என்றால் சில்லுகளைச் சுட்டெடுக்கிற மின்சார உலை. தாளாளர் குனிந்து கழுவிக்கொண்டார். ஆனால் மேடத்துக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று அன்றிலிருந்து ஊரில் பேச்சானது. உண்மை வேறு. சாயந்திரம் லேபைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டர் கண்ணாடியில் முகம் பார்த்து, கைப்பையிலிருந்து துன்னூறு எடுத்து இட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். எல்லோரும் காலையில் இட்டுக்கொண்டு சாயந்திரத்துக்குள் வியர்வையில் கரைத்துவிடுவார்கள். அவர் தலைகீழ். அதை யார் பார்த்தார்கள், வாட்ச்மேனும் நானும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் பர்னஸுக்குள் போகிற நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று என் கையில் உடைந்துவிட்டது. வெளியூரிலிருந்து வர வேண்டிய சாமான் அது. வேலை போச்சு என்றே நினைத்தேன். மேடம் வந்தார். உடைந்ததைப் பார்த்தார். "இன்னா நடந்துச்சி?" என்றார். நான், "மன்னிச்சிடுங்க மேடம், நான் வேணும்னு செய்யல, கை ஈரமா..." என்று இழுத்தேன். "நீ நல்லவனா கெட்டவனான்னு நான் கேக்கலப்பா. கொழா எப்படி ஒடஞ்சிதுன்னு கேக்கறேன். சூடா இருந்துச்சா? எந்தப் பக்கம் புடிச்ச?" என்றார். நான் பிடித்ததை நடித்துக் காட்டினேன். அவரும் ஒரு கட்டையை எடுத்து அதே மாதிரிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் குழாயை வைக்கிற ஸ்டாண்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஸ்டாண்டை மாற்றினோம். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். நடந்ததைச் சொல்லு, நினைத்ததை அப்புறம் சொல்லலாம் என்பார். வகுப்பில் இங்கிலீஷ், எங்களிடமும் மெஷினிடமும் நம்ம ஊர்ப் பேச்சு. பம்ப் ஓடாவிட்டால், "இன்னாடா உனுக்கு வந்துச்சி" என்று அதைத் தட்டிக்கொடுப்பார். கோபம் வந்தால் மட்டும் எங்களுக்கு மரியாதை கூடிவிடும். "வாங்க, போங்க, சொல்லுங்க" என்று ஆரம்பித்தாரானால் அன்றைக்கு யாரோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

மற்றவர்களிடம் கேட்கிறதைத் தனக்கும் வைத்துக்கொண்டிருந்தார். அதில்தான் சங்கடம். காலேஜ் விழாவில் ஒரு தடவை அவரை மேடையேற்றினார்கள். அவர் சின்ன வயதில் இந்தத் திருத்தணியிலிருந்து தினம் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்ப் படித்தவர். அப்புறம் வெளிநாட்டில், சிப்பு செய்கிற ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் சில வருஷம் இருந்தவர். அவ்வளவு பெரிய இடத்தை விட்டுவிட்டு ஏன் சொந்த ஊருக்கு வந்தார் என்று மாணவர்களுக்குச் சொல்லும்படி பிரின்சிபால் கேட்டுக்கொண்டார். பசங்கள் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் மைக்கைப் பிடித்து, அங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, அந்தச் சமயம் இங்கே வேலை காலி இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பிரின்சிபால்தான் மீதியை இட்டுக்கட்டிப் பேசி முடித்தார்.

இன்னொரு சமயம் காலேஜைச் சோதிக்க வெளியிலிருந்து குழு வந்தது. எல்லா மெஷினும் ஓடுகிறது என்று சொல்லச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. அவர்கள் மேடம் லேபில் ஒரு மெஷினைக் காட்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள். "ஓடல சார். பம்ப் போய் ரொம்ப நாளாச்சு" என்றார். டிபார்ட்மெண்ட் தலைவர் பதவி அந்த வருஷம் அவருக்கு வரவேண்டியது, வரவில்லை. அவர் வருத்தப்பட்டாரா என்று கேட்டால், பட்டார். அதையும் கேட்டவர்களிடம் சொன்னார். "ஆங், கஷ்டமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

இனி ஆர்.கே.பேட்டைப் பையன் ஒருவன் விஷயத்துக்கு வருகிறேன்.

மேடத்திடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். வீட்டில் கொஞ்சம் நிலம், மாடு. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். அவனுக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருந்தார்கள். பேருக்கு முன்னால் டாக்டர் வந்ததும் கல்யாணம் என்று மாமன் சொல்லியிருந்தார். வருஷம் போனது, பட்டம் வரவில்லை. மாமன் வீட்டில் வேறு இடம் பார்க்கிற பேச்சும் கிளம்பிவிட்டது. பட்டம் போனால் பெண்ணும் போச்சு. அவனுக்கு அந்தப் பெண்மேல் உயிர்.

அவன் செய்ய வேண்டியது இதுதான். செப்டிக் டேங்கில் இறங்குகிறவர்கள் விஷவாயுவில் விழுந்து சாகிற செய்தி நீங்களும் கேட்டிருப்பீர்கள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற வாயு அது. அதில் கொடுமை என்னவென்றால், அளவு மிஞ்சிவிட்டால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குவார்கள். அதனால் மூக்குக்குப் பதிலாக ஒரு சில்லு. அந்த வாயு கொஞ்சம் பட்டாலும் சில்லில் ஓடுகிற மின்சாரம் மாற வேண்டும், மீட்டரில் முள் ஏற வேண்டும். அவன் துத்தநாக உப்பைக் கரைத்து, பீக்கரில் கலக்கி, சில்லில் பூசி, பர்னஸில் சுட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் துளி வாயு விட்டுப் பார்ப்பான். முள் சோம்பேறி மாதிரிக் கொஞ்சம் அசையும், நின்றுவிடும். எத்தனை சில்லு போட்டும் அப்படியேதான்.

ஒரு நாள் ஒரே ஒரு சில்லில் முள் சர்ரென்று ஏறிவிட்டது.

அவன் கத்தின கத்தலில் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மேடமும் வந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா கீதுப்பா. இன்னொரு வாட்டி பண்ணு" என்றார். பண்ணினான். முள் அசையவில்லை. இன்னொரு வாட்டி. இல்லை. மாதக்கணக்கில் பண்ணினான். அந்த முதல் சில்லை மட்டும் எப்போது பெட்டிக்குள் வைத்தாலும் முள் ஏறுகிறது. புதுசாகச் செய்கிற எதிலும் ஏறவில்லை. பட்டத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கியது. மற்ற வாத்தியார்கள் அவனுக்காகப் பேசினார்கள். ஒரு சில்லு வேலை செய்ததற்கு அத்தாட்சி இருக்கிறதே, அது பொய்யில்லையே, அதை வைத்து எழுதட்டுமே என்றார்கள். மேடம் அசையவில்லை. அந்த ஒரு சில்லு ஏன் வேலை செய்தது என்று சொல்லட்டும், கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டார். பையன் இளைத்துப்போனான். மேடத்துக்குக் கல் மனசு என்று அப்போது நானே நினைத்தேன்.

பொறுக்க முடியாமல் அவன் நைனா ஒரு நாள் காலேஜுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதனால் எங்கள் எல்லோருக்குமே அவர் நைனாதான். வேர்க்கடலை மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாய்ப் பக்கத்தில் வந்து நின்றார். மேடம் வெளியே வந்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அம்மா, எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்? ஏன் அவன வுட மாட்டேங்கறீங்க?"

"தப்பு ஒண்ணும் இல்லீங்கண்ணா. ஒரு சில்லு நல்லா செஞ்சிருக்கான். ஆனா அது எப்படி ஆச்சின்னு அவனுக்கே தெரியல."

"ஆச்சில்லம்மா? அப்பறம் இன்னா?"

மேடம் கீழே இருந்த மூட்டையைப் பார்த்தார். அப்புறம், "நாளைக்கு ஒருத்தர் இத நம்பி டேங்குல எறங்குவாருங்கண்ணா" என்றார்.

ஆர்.கே.பேட்டையில் அந்த மாதிரி வேலைக்குப் போகிற ஆட்களை நைனாவுக்குத் தெரிந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்று மேடம் சொல்லியும் மூட்டையை விட்டுவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

பையன் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். நைனா போனதும் வெளியே வந்து, மேடம் எதிரில் நின்று அழ ஆரம்பித்தான். ஒரு விஷயம் மறைத்துவிட்டேன் என்றான். அந்தச் சில்லு செய்த அன்றைக்கு மனசு ஒடிந்துபோய் இருந்தானாம். நெற்றியை ஒழுங்காகக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தானாம். ஆனால் சட்டைப் பையில் துன்னூறுப் பொட்டலம் இருந்திருக்கிறது.

"முருகான்னு வேண்டிகினு பீக்கர்ல போட்டேன் மேடம்."

நெற்றியில் இருக்கிற துன்னூறையே உள்ளே விடாத லேப் அது. அதில் போய், கரைசலுக்குள்ளேயே. இவனை இப்போதே வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். மேடம் அவன் பக்கம் ஒரு அடி வந்தார்.

"எப்போ போட்ட? கலக்கறதுக்கு முன்னாலயா, அப்பறமா?"

அவன் அழுகை நின்றுவிட்டது. "கலக்கிகினு இருக்கும்போது மேடம்."

"எவ்ளோ?"

"ஒரு சிட்டிகை."

"சிட்டிகைன்னா எவ்ளோ?"

மேடம் அவனை உள்ளே கூட்டிப்போய் எடை மெஷின் முன்னால் நிற்கவைத்து, காகிதத்தின் மேல் ஒரு சிட்டிகை போடச் சொன்னார். தட்டிவிட்டு இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை. "சாமிக்கிட்ட வேண்டிகினு போட்ட மாதிரி போடுப்பா, பரீட்சைக்கு போட்ட மாதிரி போடாத" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். அப்போதுதான் மேடம் முகம் மாறியது. "இத இத்தினி நாள் ஏன் சொல்லலீங்க?" என்றார். அந்த ஒரு "ங்க"வில் பையன் குன்றிப்போய்விட்டான். அவ்வளவுதான் தண்டனை.

மறுநாள் என்னை மலையடிவாரத்துக்கு அனுப்பி, கடைகளில் விற்கிற துன்னூறுப் பாக்கெட்டில் தினுசுக்கு ஒன்று வாங்கிவரச் சொன்னார். நான் கடைகடையாக வாங்குவதைப் பார்த்த ஒரு கடைக்காரம்மா, வீட்டில் என்ன கஷ்டம் என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. எல்லாவற்றையும் அளந்து போட்டுச் சில்லு செய்தார்கள். முள் அசையவில்லை. பையன் மறுபடி இடிந்துபோனான். மேடம் யோசித்துவிட்டு, "நீ போட்டது கடைப் பாக்கெட்டா?" என்று கேட்டார். இல்லை, அம்மா வீட்டில் செய்தது என்றான். அவன் அம்மா பசுஞ்சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைத்து, சுட்டு, சலித்து எடுத்து வைப்பாராம்.

"இத மொதல்லியே கேட்டிருக்கணும். என் தப்புதான்" என்றார் மேடம்.

அந்த வீட்டுத் துன்னூறு வந்தது. முள் ஏறியது. இன்னொரு வாட்டி போட்டார்கள். ஏறியது. பையன் கையைக் கூப்பிக்கொண்டு, "முருகன் மேடம்" என்றான்.

"நீ கும்புட்டது உன் விஷயம்பா. பீக்கர்ல வுழுந்தது நம்ம விஷயம். அதுல இன்னா கீதுன்னு பாக்கலாம்."

சென்னைக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். கடைப் பாக்கெட்டுகளில் இருந்தது வேறு ஏதோ வெள்ளைத் தூள். சாணச் சாம்பலில், மாடு தின்ற புல்லிலும் வைக்கோலிலும் இருந்த உப்புகள் தங்கியிருந்தன. பொட்டாசியம், கால்சியம் என்று பெயர் சொன்னார்கள். அந்த உப்பு கலந்தால் சில்லு அந்த வாயுவைப் பிடித்து இழுக்கிறதாம். அப்புறம் சாம்பல் இல்லாமல், பாட்டிலில் வருகிற சுத்தமான உப்பையே அளந்து போட்டுச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேலை செய்தது. ஆனால் அந்த முதல் சில்லு அளவுக்கு எதிலும் முள் ஏறவில்லை.

விஷயம் காலேஜில் பரவியதும் ரெண்டு பக்கத்திலிருந்தும் மேடத்துக்குத் தொல்லை. கூட வேலை பார்க்கிற ஒரு வாத்தியார், துன்னூறு கின்னூறு என்றெல்லாம் எழுதினால் சிரிப்பார்கள், படித்து ஆராய்ந்து இந்த உப்பைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதிவிடுங்கள் என்றார். தாளாளரோ ரொம்பச் சந்தோஷப்பட்டு, திருநீற்றின் மகிமை என்று பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் வைக்கலாம் என்று ஆள் அனுப்பினார். மேடம் ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "துன்னூறு போட்டான். அதுல உப்பு இருந்துச்சி. அவ்ளோதான் நடந்துச்சி." பையன் எழுதின புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. பேனர் வைக்கவில்லை.

பட்டத்துக்குக் கடைசியில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேள்வி கேட்பார்கள். வெளியிலிருந்து ஒரு பெரிய புரொபசர் அதற்காக வந்திருந்தார். நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பையன் இங்கிலீஷில் எல்லாம் சொல்லி முடித்தான். வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த உப்பைப் போடலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

பையன் மேடத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவர் வாய் திறக்கக்கூடாது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் நடந்ததைச் சொன்னான். வேண்டிக்கொண்டதையும் சொன்னான். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வந்தவர் சிரிக்கவில்லை. அப்படியானால் முதல் சில்லு மட்டும் ஏன் இன்னும் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டார். பையன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு, "ஐ டோன்ட் நோ, சார்" என்றான்.

அதுவரை பேசினதில் அந்த ஒரு இங்கிலீஷ் மட்டும் நைனாவுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியலன்னு சொல்ட்டானே தம்பி. போச்சா?" என்றார். இருங்க நைனா, இருங்க என்றேன். எனக்கும் தெரியாது.

வந்தவர் எழுந்து, மேடத்திடம் ஏதோ மெதுவாகப் பேசிவிட்டு, எல்லோரையும் பார்த்து, இவர் இனி டாக்டர் என்று அறிவித்தார். நைனாவுக்கு நான்தான் சொன்னேன். அவர் நேராக மேடத்திடம் போனார்.

"எங்க ஊர்ல கேப்பாங்கம்மா. டேங்குல எறங்கறவங்கள காப்பாத்த எம்புள்ள மெஷின் கண்டுபுடிச்சிட்டான்னு சொல்லலாமா?"

அவ்வளவு சந்தோஷத்தில் நிற்கிற மனுஷனிடம், சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மேடத்தால் அது முடியவில்லை.

"இன்னும் இல்லீங்கண்ணா. ஆரம்பிச்சிருக்கான்னு சொல்லுங்க" என்றார்.

நைனா முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருஷமே அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மேடமும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. பெண்ணின் அப்பா, அந்த மாமன், சொந்தக்காரர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பந்தியைச் சுற்றி வந்தார். நைனாவும் கூட வந்தார். மாமன் எல்லோரிடமும், "எங்க மாப்ள செப்டிக் டேங்குக்கு மெஷின் கண்டுபுடிச்சிட்டாரு. இனிமே ஒரு ஆளு சாவ மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வரிசைக்கு வந்தபோதும் அதையே சொன்னார்.

பின்னால் வந்த நைனா தன் மச்சானிடம், "இன்னும் கண்டுபுடிக்கல பாவா" என்றார். "ஆரம்பிச்சிகினு கீறான்."

மாமன் முகம் சுண்டிவிட்டது. கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளையின் பெருமையை மாப்பிள்ளையின் அப்பாவே இப்படிக் குறைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் சாதத்தில் வைத்த கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மண்டபமே பதறிவிட்டது. மாமன் ஓடிவந்தார். இன்னா குறைங்கம்மா, சாம்பார் வரலியா, யாராவது எதுனா சொன்னாங்களா என்று கையைப் பிசைந்தார்.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றார் மேடம், நைனா பக்கம் திரும்பி. "அவர பாத்து எழுந்துட்டேன்."